இரண்டாவது கோப்பை

எங்கள் பக்கத்தில் காபி தண்ணீராகத்தான் இருக்கும். வெளியூர்க்காரர்கள் முதல் வாய் குடித்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். நீயும் இப்போது சுளித்தாய், சுன்னிவா. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பதின்மூன்று வயதில் இந்த ஊரைவிட்டுப் போனவளுக்கு எங்கள் காபி பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தண்ணீராகப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. கோப்பையின் அடியில் ஒரு நாணயத்தைப் போடுவோம். அது கண்ணுக்கு மறையும்வரை காபி ஊற்றுவோம். பிறகு அது மறுபடியும் தெரியும்வரை வீட்டில் காய்ச்சிய சாராயம் ஊற்றுவோம். காபி திக்காக இருந்தால் நாணயம் கடைசிவரை தலைகாட்டாது, குடிக்கிறவன்தான் தலை சாய்ந்துவிடுவான். அதனால்தான் இங்கே நாலு கோப்பைக்கு ஒரு கரண்டித் தூள். மீன்பிடிக்கப் போகிறவனும் இப்படித்தான் குடிப்பான், ஞானஸ்நான விருந்துக்குப் போகிறவனும் இப்படித்தான் குடிப்பான். இதை இங்கே யாரும் குடி என்று சொல்வதில்லை. காபி என்றுதான் சொல்வோம்.

உன் அப்பாவின் வீட்டைக் காலி செய்ய வந்தவள், அலமாரியில் மாவு டப்பாக்களுக்குப் பின்னால் இந்த நீலக் கோப்பையைக் கண்டெடுத்திருக்கிறாய். உள்ளே நடுவில் ஓட்டையுள்ள ஐந்து குரோனர் நாணயம். அதை மேஜைமேல் எனக்கு எதிரே வைத்துவிட்டுக் கேட்டாய்.

"அப்பாவுக்குக் கடைசி ஆறு மாசம் தொண்டை வழியா ஒரு சொட்டு தண்ணிகூட எறங்கலையே மாமா. அப்புறம் இதுல யாருக்குக் காசு போட்டு வெச்சது?"

நல்ல கேள்வி. ஆஸ்பத்திரியில் யாருக்கும் இது தோன்றியிருக்காது. நான் ஒழுங்கான ஆள். தினமும் கோப்பையைக் கழுவித் துடைத்து, நாணயத்தையும் கழுவி, மறுநாளைக்கென்று அதற்குள்ளேயே போட்டு வைப்பேன். கைப்பழக்கம். அந்தப் பழக்கம் எனக்கு இல்லாமல் இருந்திருந்தால் நீ இந்நேரம் நிம்மதியாகக் கிளம்பிக்கொண்டிருப்பாய்.

படகு நாலரை மணிக்கு. நேரம் இருக்கிறது. முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் எழுந்து போகாதே, பாதியில் நிறுத்தினால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வாய்.

என்னை உனக்குத் தெரியும். இருபத்தொன்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டிய ஓஸ்முண்ட். ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. பனியில் நான் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து, இறங்கி நடந்தால் சீக்கிரம் போகலாம் என்று பெரிய பையன்கள் கிண்டலடிப்பார்கள். உன் அம்மா கார் விபத்தில் இறந்த பிறகு ஒரு வருடம் நான்தான் உன்னைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். எனக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் உட்காருவாய். ஒரு நாள் எல்லோரும் இறங்கிய பிறகு நீ மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டது உனக்கு நினைவிருக்காது.

"முன் சீட்டு காலியா இருக்கறப்ப அம்மா ஏன் பின்னாடி போய் உக்காந்தாங்க மாமா?"

"முன் சீட்டுல கேக் டின் இருந்துச்சும்மா" என்றேன்.

நீ தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாய். அந்த விபத்தைப் பற்றி இந்த ஊரில் சரியான கேள்வி கேட்டது நீ ஒருத்திதான். அடுத்த கோடையில் உன் சித்தி வந்து உன்னைத் தெற்கே கூட்டிப்போனபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இன்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஊருக்குத் தெரிந்த கதையை நீயும் அறிவாய். பத்தொன்பது வருடத்துக்கு முன், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானஸ்நான விருந்து முடிந்து உன் அப்பா ஐலிஃப் குடித்துவிட்டுக் கார் ஓட்டினான். மாலை ஐந்து மணி, நன்றாக இருட்டியிருந்தது. பாலத்துக்கு முந்தின வளைவில் கார் பாறையில் மோதியது. பின் சீட்டில் இருந்த உன் அம்மா டோர்குன் இறந்துபோனாள். விருந்திலிருந்து நடந்தே வீடு திரும்பிய நான்தான் பார்த்து, பக்கத்துப் பண்ணைக்கு ஓடி ஆள் கூட்டி வந்தேன். அவனுக்கு எதுவுமே ஞாபகமில்லை. நான் சொன்னதைக் கேட்டு அழுதான். நீதிமன்றத்தில் கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினான். இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தான்.

வந்த பிறகு ஊரில் அவனோடு பேசியது நான் மட்டும்தான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கேன் சாராயம் கொண்டுபோய்க் கொடுப்பேன். என் கொட்டகையில் நானே காய்ச்சியது. நான் குடிப்பதில்லை, அவனுக்காகத்தான் காய்ச்சினேன். குடித்தால்தான் தூங்குவான். குடித்தால் அந்த வளைவைப் பற்றி யோசிக்க மாட்டான். இப்படிப் பதினாறு வருடம் போனது.

போன ஆகஸ்டில் அவனுக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் இளம் வயதுக்காரர், சுற்றி வளைக்காமல் பேசினார். இந்தத் தொண்டைக்கு இந்த நோயைக் கொண்டுவந்ததில் குடிக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றார். அது போகட்டும், இனிமேல் குடிப்பதுதான் முக்கியம் என்றார். ஒரே அளவு கட்டி இரண்டு பேருக்கு இருந்தால், குடியை விட்டவன் அதிக நாள் இருப்பான், விடாதவன் சீக்கிரம் போய்விடுவான். கதிர்வீச்சில் வெந்த சதை ஆறாது. அறுவை செய்தால் தையல் பிரியும், நுரையீரலில் சீழ் பிடிக்கும், ரத்தம் நிற்காது. ஏழு வாரம் கதிர்வீச்சு, பிறகு டிசம்பரில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள், ஆனால் ஆள் பிழைப்பான். அதுவரை ஒரு சொட்டு கூடாது. மூன்று நாலு வாரத்துக்கு முன்னால் குடித்ததைக்கூடக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்றும் சொன்னார்.

உன் அப்பா குடியை விட்டான். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வேர்த்து, நடுங்கி, சுவரில் மீன் நீந்துகிறது என்று உளறி, பிறகு எழுந்து உட்கார்ந்தான். கண்ணில் மஞ்சள் போய் வெள்ளையாக இருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இதை நீ நம்ப வேண்டும்.

கட்டி மூச்சை அடைத்ததால் கழுத்தில் துளை போட்டார்கள். அதை விரலால் மூடிக்கொண்டுதான் பேசுவான். விழுங்க முடியாததால் வயிற்றில் ஒரு குழாய். சாப்பாடு, மருந்து எல்லாம் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் அதன் வழியாகத்தான். மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் அவனுக்கு வாசனையும் தெரியாது. நாக்கும் கதிர்வீச்சில் செத்துவிட்டது.

இனி செப்டம்பர் மாதத்துக்கு வருகிறேன். கதிர்வீச்சுக்கு முன்னால் கழுத்தையும் தோளையும் படம் எடுத்தார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது படகில் ஏறக் காரை வரிசையில் நிறுத்தியிருந்தேன். இங்கே ஓட்டுகிறவன் இடப்பக்கம், பக்கத்தில் இருப்பவன் வலப்பக்கம். அவன் வலப்பக்கம் உட்கார்ந்து பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தான். பெல்ட் அவன் வலது தோளிலிருந்து குறுக்கே இறங்கியிருந்தது. அப்புறம் விரலைத் துளையில் வைத்தான்.

"டேய், படம் எடுத்த பொண்ணு என்ன கேட்டுச்சு தெரியுமா? வலது காறை எலும்பு ஒடஞ்சு கூடியிருக்கே, எப்பன்னு கேட்டுச்சு. கார்ல அடிபட்டப்போன்னேன். அப்ப நீங்க பக்கத்து சீட்டுதானேங்குது."

"சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்" என்றேன்.

"நான்தாம்மா ஓட்டுனேன்னேன். ஓட்டுறவங்களுக்கு இடது பக்கம்ல ஒடையும்னு சொல்லிட்டு, அது பாட்டுக்கு வேலையப் பாத்துச்சு."

படகின் கதவு திறந்தது. முன்னால் இருந்த கார் நகர்ந்தது. எனக்குக் கியர் போடக் கை வரவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். என் வாழ்க்கையில் எனக்குப் பின்னால் ஒருவன் ஹாரன் அடித்து நான் வண்டியை எடுக்காமல் இருந்தது அன்றுதான்.

பயம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அது பெரிதாக ஒன்றும் இல்லை. வயிற்றில் ஈரத் துணியைச் சுருட்டி வைத்ததுபோல் இருக்கும். காலையில் எழும்போது இருக்கும், பல் தேய்க்கும்போது இருக்கும், பேரப்பிள்ளைகள் மடியில் ஏறி விளையாடும்போதும் இருக்கும். ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். இப்படி ஒரு நண்பன் யாருக்குக் கிடைப்பான் என்று ஊரே பேசியது. நானோ ஒவ்வொரு நாளும் பக்கத்து சீட்டில் அவன் விரல் கழுத்துத் துளையை நோக்கிப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

தெளிந்த மண்டை மோசமானது, சுன்னிவா. பத்தொன்பது வருடம் சாராயத்தில் ஊறிக் கிடந்தது ஒவ்வொன்றாக மேலே வந்தது. விருந்தில் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று சொன்னான். உன் அம்மா போட்டிருந்த கையுறையின் நிறத்தைச் சொன்னான். அக்டோபர் கடைசியில் ஒரு நாள், இதோ இதே சமையலறையில், நான் அவன் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"கேக் டின்னு என் மடில இருந்துச்சுடா. ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன். ஓட்டுறவன் மடில கேக் டின்னு எப்படிடா இருக்கும்?"

"மார்ஃபின் வேலைடா அது. ஏதேதோ காட்டும்."

"இருக்கும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா டின்னு ஜில்லுனு இருந்துச்சு. இப்பகூட கை ஜில்லுங்குது" என்றான்.

என்மேல் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நான் நடந்துபோனதாகச் சொன்னதை அவன் வேதவாக்காக வைத்திருந்தான். வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள், யாரென்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம் என்றுதான் என்னிடம் சொன்னான். பழைய காகிதங்களைப் போலீசில் கேட்டுப் பார்க்கலாம் என்றான். ஆபரேஷனில் குரல் போய்விடும், அதற்கு முன்னால் சொந்தக் குரலில் சுன்னிவாவிடம் சொல்ல வேண்டும் என்றான். மறுநாள் உனக்குப் போன் போட்டான். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக நீ வைக்காமல் பேசினாய். கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால், அட்வென்ட் முதல் ஞாயிறு வருகிறேன் என்றாய். போனை வைத்துவிட்டுச் சிரித்தான். துளையிலிருந்து விரலை எடுத்துவிட்டதால் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அந்த வாரம்தான் நான் ஆரம்பித்தேன்.

தினமும் அவனுக்குக் காபி வேண்டும். குழாய் வழியாகக் கொடுக்கலாம், ஆறவைத்துக் கொடுங்கள் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் யூரூன் சொல்லியிருந்தாள். நான் இரண்டு கோப்பை வைப்பேன். ஒன்று அவன் கையில் பிடித்துக்கொள்ள, சூடாக. அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பான். இரண்டாவது கோப்பை என்னிடம், அவன் முதுகுக்குப் பின்னால், இந்த மேடையில். அதிலிருந்து சிரிஞ்சில் எடுத்துக் குழாயில் விடுவேன். முதல் நாள் ஒரு தேக்கரண்டிதான் கலந்தேன். அடுத்த வாரம் நாணயம் போட ஆரம்பித்தேன், அளவு தவறக்கூடாது என்பதற்காக. ஒரு கோப்பைக்கு மேல் ஒரு வேளையும் கொடுத்ததில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று.

"வயித்துல கதகதன்னு இருக்குடா" என்றான் ஒரு நாள்.

"காபி சூடு" என்றேன்.

அவன் மெல்ல மெல்லத் தெளிவிழந்தான். பகலில் தூங்கினான். பாட்டுப் போனது, கையுறை நிறம் போனது. நான் இரவில் நன்றாகத் தூங்கினேன். நவம்பர் கடைசியில் ரத்தப் பரிசோதனை வந்தது. மறுபடி குடிக்கிறாரா என்று டாக்டர் போனில் என்னிடம்தான் கேட்டார், அவனால் போனில் தெளிவாகப் பேச முடியாது என்பதால். நான் பெருமூச்சு விட்டேன். அதுவே போதுமாக இருந்தது. யூரூனும் அவன் கழுத்துத் துளைப் பக்கம் குனிந்தபோது வாடை அடித்ததாகச் சொன்னாள். விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு பாட்டிலை நான் முன்தினமே வைத்திருந்தேன், பாதி காலியாக. அவளே போய் எடுக்கும்படி விட்டேன். ஆபரேஷனை ஜனவரிக்குத் தள்ளினார்கள். நாலு வாரம் சுத்தமாக இருந்துகாட்டட்டும் என்றார்கள். அவர்கள்மேல் குற்றமே இல்லை.

அவன் முதலில் சத்தியம் செய்தான். உன் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தான். யூரூன் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். அவன் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது நான் நன்கு அறிந்த பயம்தான். இரண்டு மாதமாக என்னிடம் இருந்தது, அப்படியே அவனிடம் போய்விட்டிருந்தது.

"நான் குடிக்கலைடா" என்றான். விரல் துளையிலிருந்து வழுக்கியது. மறுபடி வைத்தான். "குடிச்சேனா?"

நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"அன்னிக்கும் இப்படித்தான், ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றான். "அப்ப அந்தக் கேக் டின்னும் பொய்தான்டா."

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவன் தன் கண்ணையே நம்பாத ஆளாகிவிட்டான். நிறுத்தியிருந்தால் ஜனவரியில் அறுவை நடந்திருக்கும், இன்று கழுத்தில் துணி கட்டிக்கொண்டு நம்மோடு உட்கார்ந்து இந்தத் தண்ணீர்க் காபியைத் திட்டிக்கொண்டிருப்பான். நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். ஆனால் தெளிந்தால் மறுபடி ஞாபகம் வரும் என்ற பயம் இருந்தது. பயப்படுகிற மனிதனிடம் நியாயம் எதிர்பார்க்க முடியாது. யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

அட்வென்ட் ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். அன்று காலை அவன் முகம் மழித்துக்கொண்டான், கண்ணாடி முன் நின்று உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்க மட்டும்தான், வேறொன்றும் இல்லை. நான் அன்று மத்தியானக் காபியைக் கொஞ்சம் முன்னதாகவே கொடுத்துவிட்டேன். நீ அவனைக் கட்டிக்கொள்ளக் குனிந்தாய், வாடை பட்டதும் நிமிர்ந்தாய். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கால் மணி நேரம் இருந்தாய். அவன் விரலைத் துளையில் வைத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான், நாக்கு குழறியது. நீ ஏறிப் போன வாடகைக் கார் மறையும்வரை ஜன்னலில் நின்றான். உன்மேல் எனக்கு வருத்தமே இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். அவனும் உன்னைக் குறை சொல்லவில்லை.

டாக்டர் சொன்னதெல்லாம் வரிசையாக நடந்தது. தொண்டைப் புண் ஆறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நுரையீரலில் சீழ் பிடித்தது. ஜனவரிப் பரிசோதனையிலும் ரத்தம் அவனைக் காட்டிக்கொடுத்தது. சீழ் தணிந்து மறுபடி படம் எடுத்தபோது கட்டி கழுத்தின் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்திருந்தது. இனி கத்தி வைக்க முடியாது என்றார்கள். அந்த டாக்டர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஒரு மாதம் மட்டும் அவர் குடிக்காமல் இருந்திருந்தால் போதுமே என்று என்னிடம் சொன்னார். ஆமாம் என்றேன்.

மார்ச் இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கழுத்திலிருந்து ரத்தம் கொட்டியது. நான் கறுப்புத் துண்டால் பிடித்துக்கொண்டேன், ரத்தத்தின் நிறம் அவன் கண்ணில் படாமலிருக்க அப்படிச் செய்யும்படி யூரூன் சொல்லிக்கொடுத்திருந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் கையைப் பிடித்திருந்தான். முந்தின நாள் அவன் பேசியதுதான் கடைசிப் பேச்சு. "ஊரே ஒதுக்குச்சு. நீ ஒருத்தன்தான்டா என்னை விடல" என்றான்.

அது பொய்யில்லை. நான் அவனை விடவில்லை.

இனி நீ கேட்க நினைத்தும் கேட்காமல் இருப்பதற்கு வருகிறேன். அன்று ஓட்டியது நான். உன் அப்பா நின்றால் விழுகிற நிலையில் இருந்தான், அதனால் சாவியை என்னிடம் கொடுத்தாள் உன் அம்மா. நீ தெளிவா இருக்கே ஓஸ்முண்ட், நீயே ஓட்டு என்றாள். அவனை முன்னால் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டி, மடியில் கேக் டின்னைக் கொடுத்தது அவள்தான். வளைவில் பனிப்பாளம் இருந்தது. யாருக்கும் வழுக்கியிருக்கும்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள், கையில் பள்ளி பஸ். அவன் நினைவு தப்பிக் கிடந்தான். நான் அவனை இடப்பக்கத்து சீட்டுக்கு இழுத்தேன். கனமான ஆள், பத்து நிமிடம் ஆனது. உன் அம்மாவுக்கு நினைவு இருந்தது. பின்னாலிருந்து, "ஓஸ்முண்ட், என்ன பண்றே?" என்று கேட்டாள். இதோ வர்றேன் டோர்குன் என்றேன். இன்னொரு முறை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

அவ்வளவுதான். சொன்ன பிறகு வயிற்றில் அந்த ஈரத் துணி இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது. நீயும் உண்மை தெரிந்துகொண்டாய், அதுவும் நல்லதுதான்.

அந்தக் கோப்பையை இப்படிக் கொடு, நான் கழுவி வைத்துவிடுகிறேன். நாணயம் இதிலேயே இருக்கட்டும். மணி நாலாகப் போகிறது, பஸ் இந்நேரத்துக்குக் கிடையாது, படகுத்துறைக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன். உன் பெட்டியை ஏற்கெனவே காரில் வைத்துவிட்டேன். வலப்பக்கம் ஏறிக்கொள், பெல்ட்டைப் போட்டுக்கொள். ரோட்டில் பனி இன்னும் முழுக்கக் கரையவில்லை, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. அன்று போலவேதான், இன்றும் நான் குடிக்கவில்லை. காலையிலிருந்து எங்கள் பக்கத்துக் காபி இரண்டு கோப்பை, அவ்வளவுதான்.